தாட்சாயிணியின் மூக்கு

மஞ்சக்குப்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் கேட்டரிங் படித்து, புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வெங்காயம் உரித்து வேலையைத் தொடங்கிய எழிலரசி, முப்பத்தாறு வயதில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஒரு உணவகத்தின் தலைமைச் செஃப் ஆனாள். இருபத்து நான்கு பேர் மட்டுமே உட்காரும் இடம் அது. மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் மேசை கிடைக்கும். அவள் சமையல் முழுக்க வாசனையை நம்பியது. கண்ணாடி மூடிக்குள் முந்திரிச் சருகின் புகையை நிரப்பி, அதற்குள் மீனை வைத்து அனுப்புவாள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு அந்த ஊர்க்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் அந்த ஒரு தட்டுக்காகப் பாரிஸிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் உண்டு.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் விட்டுவிட்டது, ஆனால் மோப்பம் போய்விட்டது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. காபி வெறும் கசப்பு வெந்நீராக இருந்தது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

எழிலரசி யாரிடமும் சொல்லாமல் கைப்பழக்கத்தில் ஐந்து வாரம் ஓட்டினாள். ஆறாவது வாரம், அவசரத்தில் கெட்டுப்போன நண்டைத் தானே தட்டில் வைத்து அனுப்பினாள். சாப்பிட வந்த பெண்மணி தொடாமல் திருப்பி அனுப்பினாள். தட்டு உள்ளே வந்ததும் சமையலறையில் அத்தனை பேரும் முகத்தைச் சுளித்தார்கள். எழிலரசி மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றாள். அன்றைக்கே முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றினாள்.

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் தம்பி கதிர்வேலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு மாதம் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

"ஒரு டீயாவது போடேன்க்கா" என்பான் அவன்.

"பால் கெட்டிருந்தா எனக்குத் தெரியாதுடா."

அப்போதுதான் தாட்சாயிணி போன் செய்தாள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். சிதம்பரம் கீழ வீதியில் வீட்டிலிருந்தே டிபன் ஆர்டர் எடுப்பவள். நாற்பது பேருக்குச் சம்பா சாதமும் கொத்சும் செய்ய வேண்டும், கூட வேலை செய்கிறவள் வரவில்லை என்றாள்.

"எனக்குத்தான் மோப்பம் இல்லையேடி" என்றாள் எழிலரசி.

"அந்த வேலைய நான் பாத்துக்கறேன். நீ கைய மட்டும் குடு."

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனாள். கரண்டியைப் பிடித்து வெகுநாளாகியிருந்தும் கை தடுமாறவில்லை. எண்ணெயின் சத்தம் மாறியதும், "இப்ப கடுகைப் போடு" என்றாள். தாட்சாயிணி எட்டிப் பார்த்தாள். எண்ணெய் சரியாகக் காய்ந்திருந்தது.

கொத்சுக்கான கத்திரிக்காய் தணலில் வெந்துகொண்டிருந்தபோது எழிலரசி சும்மா கேட்டாள்: "என்ன வாசனை வருது?"

"சுட்ட வாசனைதான்." தாட்சாயிணி குனிந்து இன்னொரு முறை மோந்தாள். "ஈரச் சுவத்துல வெயில் பட்டா ஒண்ணு வருமே, அதுவும் கொஞ்சம் இருக்கு."

உள்ளே இன்னும் பச்சையாக இருக்கிறது, ரெண்டு நிமிஷம் வேண்டும் என்று அந்தச் சொல்லிலேயே எழிலரசிக்குத் தெரிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தாள். அப்படியே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தாட்சாயிணியை அழைத்தாள். "கதிர்வேல் வீட்டு முன் ஹால்ல பன்னெண்டு நாற்காலி போடலாம்னு இருக்கேன். வாரத்துல மூணு நாள் நீ வரணும்."

"மீன், நண்டெல்லாம் இருக்குமேடி. நான் வாயில வைக்க மாட்டேன்."

"வாயில வைக்க நான் இருக்கேன். உன் மூக்கு போதும்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "மாமியார்கிட்ட கேட்டேன். தொடாம மோந்துட்டு வான்னுட்டாங்க."

முதல் நாள் நண்டுக் கூடையைத் திறந்ததும் தாட்சாயிணி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இரண்டாம் நாளும் ஓடினாள். எழிலரசி வற்புறுத்தவில்லை, கஷ்டமாக இருந்தால் விட்டுவிடலாம் என்றாள். மூன்றாம் நாள் தாட்சாயிணி இரண்டு கூடைக்கும் நடுவில் நின்று, "இது இன்னிக்குப் புடிச்சது. அது நேத்தையது" என்றாள். கதிர்வேல் துறைமுகத்துக்குப் போன் போட்டு விசாரித்தான். சரியாகச் சொல்லியிருந்தாள்.

எழிலரசியின் சமையலும் மாறியது. புகையை விட்டாள். சூடு, குளிர்ச்சி, மென்மை, மொறுமொறுப்பு இவற்றை வைத்து யோசித்தாள். பிரெஞ்சு முறையில் முட்டையும் பாலும் சேர்த்து நண்டை ஆவியில் வைத்து, தொட்டால் நடுங்கும் பதத்தில் எடுத்தாள். பக்கத்தில் ஐஸில் குளிர்ந்த நுங்கு. மேலே கண்ணாடி போல மெல்லிய அரிசி வடாம். ஒவ்வொரு தட்டும் தாட்சாயிணி மோந்து தலையாட்டிய பிறகுதான் வெளியே போகும்.

திறப்பு நாளில் கோர்ட்டு வக்கீல்கள் நாலு பேர், புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பதி, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த பரங்கிப்பேட்டைக் குடும்பம் ஒன்று. வடாம் உடையும் சத்தம் பன்னிரண்டு தட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. எழிலரசி கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "நாப்பது வருஷமா நண்டு திங்கிறேன். இன்னொண்ணு கெடைக்குமாம்மா?" என்றார். எழிலரசி உள்ளே போய் அழுதுவிட்டு, இன்னொரு தட்டு எடுத்து வந்தாள்.

எட்டு மாதமாயிற்று. சனிக்கிழமைகளில் இப்போது இடம் கிடைப்பதில்லை. எலுமிச்சைத் தோலைக் கசக்கினால் எப்போதாவது லேசாக ஏதோ தெரிகிறது என்கிறாள் எழிலரசி. மற்றபடி மோப்பம் திரும்பவில்லை. போன வாரம் லியோனிலிருந்து பழைய முதலாளி அழைத்தார். இந்தப் புதுச் சமையலைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதை அங்கே வந்து ஒரு மாதம் செய்ய முடியுமா என்று கேட்டார்.

"ரெண்டு டிக்கெட் அனுப்பினா வர்றேன்" என்றாள் எழிலரசி.

தாட்சாயிணி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். அவளுக்கு இருப்பது ஒரே கவலை.

"அங்க தயிர் எப்படிடி? புளிக்குமா?"