முன்பக்கம்

குமுதா ஈரத்துணியால் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. மூன்று நாளாகக் கஞ்சி இறங்காத மனிதர், நேற்று மத்தியானம் மகளின் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தகட்டில் தானே செய்த காரின், அவர்கள் பேச்சில் காடியின், முன்மூடியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் போட்டிருந்தார். கோணலில்லாத வட்டம். அதற்குள் ரேஸ் நம்பர் எழுதிவிட்டால் காடி முடிந்தது.

“வட்டம் காஞ்சிருச்சா?” என்றார் தங்கையா.

“காஞ்சிருச்சுங்க.”

“அப்ப நம்பர சொல்லு. இன்னிக்கி கை கொஞ்சம் நிதானமா இருக்கு.”

கை நிதானமாக இல்லை. அவள் பிடித்திருந்ததால் ஆடாமல் இருந்தது.

“யோசிச்சிச் சொல்றேங்க. கொஞ்ச நேரம் படுங்க.”

“நாப்பத்தாறு வருசமா யோசிக்கிற,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்குகிறாரா, வேறெங்காவது போய்விட்டு வருகிறாரா என்று இந்த இரண்டு நாளாக அவளுக்குத் தெரிவதில்லை.

காலையில் ரிங்லெட் கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்து பார்த்திருந்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், மார்பில் ஒட்டியிருந்த வலிக்கான பிளாஸ்திரியை மாற்றினாள், மோகனாவை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வந்த மோகனா நேராக அண்ணனுக்குப் போன் போட்டாள். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போயிருந்த யோகேந்திரன், லோரிச் சரக்கை இறக்கிய கையோடு மலையேறிக்கொண்டிருந்தான். மிஸ்ஸி என்ன சொன்னாள் என்று குமுதா கேட்கவில்லை.

கட்டிலை ஒட்டி மேசை, மேசைமேல் காடி. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். நிஜக் காடியில் எட்டில் ஒரு பங்கு என்று தங்கையா கணக்குச் சொல்வார். உடம்பு மைலோ டின் தகடு, டயர் பழைய சிலிப்பர் ரப்பர், சைலன்ஸர் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பித்தளைக் குழாய். முப்பத்தெட்டு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவருக்குத் தகடு சொன்னபடி கேட்கும். நாலு வருஷமாக இந்த வீட்டில் அரம் உராயும் சத்தம் இல்லாமல் பொழுது விடிந்ததில்லை. மோகனா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பதால் தோட்டம் கொடுத்த வீடு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. சத்தத்தைப் பற்றிக் குறை சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் காடியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

எழுபத்தொன்பதில் ஒரு கார் ராலி ரேஸ் இந்தத் தோட்டத்து மண்சாலை வழியாகப் போனது. முதல்நாள் ராத்திரி முழுக்க மழை. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே உள்ள வளைவில் ஒரு காடி சேற்றில் மாட்டிக்கொண்டது. நின்றிருந்தவர்களில் நாலு பேர் ஓடிப்போய்த் தள்ளினார்கள். நடுவில் தள்ளியது இருபது வயது தங்கையா. மூன்று நிமிஷம். சக்கரம் பிடித்ததும் காடி ஒரு துள்ளு துள்ளிப் பனிக்குள் போய்விட்டது.

அந்த மூன்று நிமிஷத்தை அவர் நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பேச்சு சுற்றிவளைத்து அந்த வளைவுக்கு வந்து சேற்றில் மாட்டிக்கொள்ளும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்கூட அவர் கையை விரித்துக் காட்டும்போது ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். அந்தக் கைதான் அவருடைய அளவுகோல். பம்பர் தொடையில் எங்கே இடித்தது, இரண்டு விளக்குக்கும் நடுவில் கை எவ்வளவு விரிந்தது, மூடியின் விளிம்பு நெஞ்சில் எங்கே பட்டது என்று தன் உடம்பை அளந்து எட்டால் வகுத்துத்தான் காடியைக் கட்டினார். இடது விளக்கில் விரிசல், அதன்மேல் ஒட்டிய டேப், கம்பியால் கட்டிய சைலன்ஸர் எல்லாம் வந்துவிட்டன. இப்போது அந்தத் தொடை குமுதாவின் கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

சங்கடம் என்னவென்றால், தலையைக் குனிந்து தள்ளியவர் பார்த்தது பின்பக்கம் மட்டும்தான்.

முன்பக்கத்தைப் பற்றி அன்றைக்கு நின்றவர்களையெல்லாம் கேட்டார். வேலையாட்களை மேய்த்த மண்டோர் சிங்காரம் மஞ்சள் விளக்கு என்றார், கடைக்காரர் புலிப் படம் போட்டிருந்தது என்றார். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. அதே வருஷம் கல்யாணமான மூன்றாம் வாரம், ஏழாம் நம்பர் காட்டில் கூடையோடு நின்ற பெண்களில் குமுதாவும் ஒருத்தி என்று தெரிந்தது. மனிதர் சோற்றுக்கையோடு எழுந்துவிட்டார்.

“அப்ப நீ முன்னாலதான நின்ன! முன்பக்கம் பாத்திருப்பியே!”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, கல்யாணமாகி மூன்றே வாரமான ஒருத்தி இல்லை என்று எப்படிச் சொல்வாள்? பார்த்தேன் என்றாள். எத்தனை லைட்டு என்றார். நாலு என்றாள். கண்ணாடிக்கு மேலே? நீலப் பட்டை. அன்றைக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் பிற்பாடு மாற்றாமல் சொல்ல வேண்டியிருந்ததால் அவளும் மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டாள். ஒரு முறை ஆசைப்பட்டு, முன்கம்பியில் ஒரு கொழுந்துக் கிளை சிக்கியிருந்தது என்றும் சேர்த்துவிட்டாள். செம்புக் கம்பியில் ரெண்டு இலை ஒரு மொட்டு செய்து, பச்சை தீட்டி, அதையும் மாட்டிவைத்திருந்தார் அந்த மனிதர்.

நம்பரை மட்டும் அவள் சொன்னதில்லை. விளக்கு நாலானாலும் ரெண்டானாலும் விளக்குத்தான். நம்பர் அப்படியில்லை. அது இன்னொரு காடியினுடையதாகிவிடும். பனி மறைத்தது, ஞாபகம் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இனித் தள்ள நாளில்லை.

அடுப்படியில் மோகனா மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பூனில் நாலு சொட்டு உதட்டில் விட்டால் நக்கிக்கொள்வார்.

“ஏதாச்சும் ஒரு நம்பர சொல்லிருமா,” என்றாள் மோகனா. “நைன்னு சொல்லு, தெர்ட்டி டூன்னு சொல்லு. நான் கையப் புடிச்சு எழுத வெச்சுர்றேன். அப்பா என்ன, போயி செக் பண்ணவா போறாரு?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“தெரியாதுடி.”

“மறந்துட்டன்னா பரவால்லலா. அதான் சொல்றேன்.”

“பாத்திருந்தாத்தான மறக்கறதுக்கு.”

மோகனாவின் ஸ்பூன் நின்றது.

“நாலு லைட்டு?”

“நானா சொன்னது.”

“நீலப் பட்ட?”

“அதுவுந்தான்.”

“அலாமாக்,” என்றாள் மோகனா. முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் அப்படியே அழுதாள். “அந்த நீலத்துக்காக என்னைய ஈப்போக்கு எத்தன தடவ வெரட்டுனாரு தெரியுமா? ஒவ்வொரு டின்னையும் தொறந்து பாத்து, அம்மா சொன்ன நீலம் இது இல்லம்பாரு.”

குமுதாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

“இப்ப போயி உண்மையச் சொல்லிராதம்மா. கேக்குதா? நாலு வருசம் அந்த மனுசன் கண்ணு தெரியாத அளவுக்கு ஒக்காந்து செஞ்சிருக்காரு. நல்லபடியா இருக்கட்டும். நம்பர் மட்டும் சொல்லிரு.”

குமுதா தலையாட்டினாள். ஒன்பது என்று சொல்லிவிடலாம். ஒன்பது எழுதவும் சுலபம். வாய்க்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு அறைக்கு வந்தாள்.

ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்திருந்தது. சாத்தக் கூடாது என்று நேற்றே சொல்லிவிட்டார். மேசைக்காலும் கட்டில்காலும் மங்கலாகி, கட்டில் எதிலோ மிதப்பதுபோல இருந்தது. எதிர் மலையில் கொழுந்து வெட்டும் மெஷின் ஓடியது, பிறகு அதுவும் நின்றது. மணி மூன்றா நாலா என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.

கீழே ரோட்டில் ஏதோ ஒரு லோரி கியர் மாற்றி ஏறியது. தங்கையா கண்ணைத் திறந்தார்.

“வருது,” என்றார்.

“யோகேந்திரன் வர இன்னும் நேரமாகுங்க. இது வேற லோரி.”

“சத்தம் கேக்கல? மேல் வளைவுக்கு வந்துருச்சு.” அவர் கண் ஜன்னலில் இருந்தது. குரல் தெளிவாக, இளமையாகக்கூட இருந்தது. “நீ மேல ஏறி நில்லு, குமுதா. பாத்து ஏறு, வழுக்கும். இந்தத் தடவ நல்லா பாரு. நம்பரப் பாத்துட்டு எனக்குச் சொல்லு.”

ஒன்பது என்பது அவள் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கண்ணுக்கு முன்னால் இனி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதோடு மிச்ச நாளை ஓட்ட முடியாது என்று தோன்றியது அவளுக்கு.

“நான் காடியப் பாக்கலங்க,” என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

“அன்னிக்கும் பாக்கல. நாலு லைட்டு, நீலம் எல்லாம் நானா சொன்னது. நீங்க அவ்ளோ ஆசையா கேட்டீங்க. அதான்.”

தங்கையாவின் பார்வை மெல்ல மேசைக்குப் போனது. காடியை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூச்சு ஏறி இறங்குவதை குமுதா எண்ணிக்கொண்டிருந்தாள். வாசல் திரைக்குப் பின்னால் மோகனா டம்ளரோடு வந்து நின்றது தெரிந்தது. உள்ளே வரவில்லை.

“அந்தக் கொழுந்து?” என்றார் கடைசியில்.

“அது என் கூடயில இருந்ததுங்க.”

அவர் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. வலியோ என்று பயந்தாள். வலி இல்லை.

“அப்ப என்னத்தத்தான் பாத்துக்கிட்டு நின்ன?”

“ஒங்களத்தான்.”

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு காலமாகியிருக்கிறது. மாமன் பார்த்து முடித்த கல்யாணம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாமனிடம் அத்தையை விட்டுச் சொல்லவைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அறுபத்து நாலு வயதில் அவளுக்குக் காது சூடாகியது.

“நான் காடிக்குப் பின்னாலதான இருந்தேன்,” என்றார் தங்கையா. அளவு சரியா என்று பார்க்கும் ஃபிட்டரின் சந்தேகம். “எப்டித் தெரியும்?”

“நான் மேட்டுலதான நின்னேன். காடிக்கு மேல ஒங்க தல தெரிஞ்சுது. ஒரச் சாக்க மடிச்சுத் தலையில போட்டிருந்தீங்க, மழைக்கி.”

“சாக்கு,” என்றார். நெற்றி சுருங்கி விரிந்தது. “ஆமா. சாக்கு.” அவருக்கே அது இப்போதுதான் கிடைத்தது. “அப்பறம்? நான் எப்டி இருந்தேன்?”

இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை. இதற்கு அவள் எதையும் மனப்பாடம் செய்யவும் இல்லை. ஆனால் எல்லாம் இருந்தது.

“வெள்ளச் சட்ட. தோள்ல கிழிஞ்சு தச்சிருந்துச்சு.”

“எந்தத் தோளு?”

“எடது தோளு. கறுப்பு நூலு.”

“ம்.”

“தள்றப்ப சேறு ஒரு செருப்பப் புடிச்சு இழுத்துக்கிச்சு. நீங்க பாக்கல. வெறுங்காலோட தள்ளுனீங்க.”

“எந்தக் காலு?”

“வலது காலு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. தகட்டில் கோடு போடும் முன்பு இப்படித்தான் மூடிக்கொள்வார்.

“காடி கெளம்பவும் எல்லாரும் பின்னாலயே ஓடுனாங்க. நீங்க ஓடல.”

“ஏன்?”

“செருப்பத் தேடிக்கிட்டிருந்தீங்க.”

அவர் நெஞ்சுக்குள் ஒரு சிரிப்பு குலுங்கி, இருமலாகாமல் அடங்கியது. அவள் அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷமாக இருப்பது இந்த நேரத்துக்குத் தகுமா என்று நினைத்தாள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பனி கட்டிலின் மேலேயும் வந்துவிட்டது. அவர் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் மெல்லிசாக அது நகர்ந்துகொண்டிருந்தது.

“அப்பறம்?” என்றார். உதடுதான் அசைந்தது.

“அப்பறம் நிமுந்தீங்க. மொகம் பூரா சேறு. கண்ணும் பல்லுந்தான் தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டே நின்னீங்க. யாரையும் பாத்து இல்ல, சும்மா. காடி போயி ரொம்ப நேரமாயிருச்சு, சத்தங்கூட இல்ல. ரோட்டுல பனி மட்டுந்தான் இருந்துச்சு. அதப் பாத்து நீங்க கையக் காட்டுனீங்க.”

எந்தக் கை என்று கேட்பார் என்று காத்திருந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு மோகனா ஓரடி உள்ளே வந்தாள். அப்பாவின் அசையாத நெஞ்சைப் பார்த்தாள். டம்ளரை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையிலேயே வைத்தாள். “அம்மா,” என்று ஆரம்பித்தவளை, கொஞ்சம் இரு என்பதுபோலக் கையை உயர்த்தி நிறுத்தினாள் குமுதா. கணவரின் காதருகே குனிந்தாள்.

“சோத்துக்கைங்க,” என்றாள்.