கலந்துபோன புள்ளிகள்

அக்கா பிரசவத்தில் இறந்ததும் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஓடிவந்த இசக்கியம்மாள், கைக்குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. அவளுடன் வேலை பார்த்த சலாவுதீன், எண்பத்து மூன்றாம் ஆண்டு பெருநாளுக்குக் கடையநல்லூர் வந்தபோது அவளைத் தேடி வந்து ஒரு புகைப்படத்தை நீட்டினான்.

தொலைநோக்கிக்காக அவள் வடிவமைத்த குட்டி லென்சுகளின் வரிசை எடுத்த முதல் படம் அது. ஒவ்வொரு லென்சும் நட்சத்திரத்தை ஒரு புள்ளியாகக் காட்டும். புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால், காற்று ஒளியை எவ்வளவு கலைக்கிறது என்று தெரியும். படத்திலோ புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

“குவியத் தூரம் கூடிப்போச்சு. அதைக் குறைச்சா புள்ளி பக்கத்து லென்ஸ் எல்லைக்குள்ள போவாது,” என்றாள், தொட்டிலை ஆட்டியபடியே. “இவன் நடக்கட்டும், நானே வந்து மாத்துதேன்.”

சலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டான். “உங்க எடத்துல வேற ஆளப் போட்டுட்டாவ, அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

தொட்டில் நின்றது.

“யாரு?”

“பாலக்காட்டுக்காரன். கெட்டிக்காரன்தான்.”

“அப்ப நல்லாச் செய்வான்,” என்றாள்.

அவன் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.