அண்ணனின் நாற்காலிச் சூடு

அண்ணன் இறந்து மூன்று வருடமாகியும் அவன் கம்ப்யூட்டர் நாற்காலியின் சூடு ஆறவில்லை. இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவனுடைய நாற்காலி எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, ஒயர் எதுவும் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் ஒரு மழைநாளில், ஈரச் சாக்ஸை அதில் காய வைக்கலாமா என்று கேட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அம்மா தினமும் மத்தியானம் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, அந்த இருக்கையில் கையை வைத்தபடி கண்ணயர்வாள்.

அண்ணன் விட்டுப்போன இன்னொன்று ஒரு மென்பொருள். பச்சைக்குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம் என்று பொதுவில் வைத்திருந்தான். எங்கெங்கோ இருந்த சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் அதை நம்பி இருந்தன. "யாராவது இருக்கீங்களா?" என்று அதன் இணையப் பக்கத்தில் ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஏனென்று கேட்க நாதியில்லை. பில் போடும் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த தங்கை, கடைசியில் மனசு கேட்காமல் அதைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் அவன் எழுதிய வரிகள் சிலவற்றை அழித்துப் புதிதாக எழுதினாள். மறுநாள், "நாற்காலியோட இந்தக் கைப்பிடி சில்லுனு இருக்குடி" என்றாள் அம்மா. அவன் வரிகளை அழித்ததாலோ என்று தங்கைக்குச் சுருக்கென்றது. சோதித்துப் பார்க்க இன்னொரு பகுதியை மாற்றினாள். அடுத்த கைப்பிடியும் ஆறிப்போனது. பழைய வரிகளைத் திரும்பப் போட்டும் சூடு வரவில்லை. அதன்பின் அவன் எழுதியதில் அவள் கை வைக்கவே இல்லை. எது கெட்டாலும் பக்கத்தில் ஒட்டுப்போட்டு ஒப்பேற்றினாள். உதவிக்கு வந்தவர்கள், "ஏங்க இப்படிச் சுத்தி வளைக்கிறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நர்ஸ் எழுதினாள். ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு இது இரண்டு மடங்கு மருந்து சொல்கிறது, கையால் கணக்குப் போட்டுப் பார்த்ததால் பிள்ளை பிழைத்தது என்று. அதை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அன்றே எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத் தங்கை தேடினாள். பிழை அண்ணனின் மூலக் கணக்கிலேயே இருந்தது. எந்தப் பக்கம் ஒட்டுப்போட்டாலும் மறுபக்கம் பிசகியது. அடியோடு பிடுங்கத்தான் வேண்டும். அவள் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவன் போட்ட கணக்கா?"

"ஆமாம்மா."

"தப்பா போட்டுட்டானா?"

"தப்புதாம்மா."

அம்மா வெகுநேரம் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப எடுத்துடு. யார் பெத்த பிள்ளைங்களோ. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு" என்றாள்.

மறுநாள் தங்கை அழுதுகொண்டே அதை அழித்தாள். புதுக் கணக்கு சரியாக வந்தது, ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன, நர்ஸ் நன்றி எழுதினாள். நாற்காலி மற்ற நாற்காலிகளைப் போல ஆகிவிட்டது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். அவன் போனதிலிருந்து யாரும் உட்காராத அந்த நாற்காலியில் மெல்ல ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"இவ்ளோ உயரமாவா வெச்சிருந்தான்?" என்றாள்.