சொர்ணம் கேஸின் காலி சிலிண்டர்கள்

திருமயம் பைபாஸில் இருக்கும் சொர்ணம் கேஸ் கம்பெனியின் சிலிண்டர்கள், காலியானதும் தாமாகவே உருண்டு வீடு திரும்பிவிடும். ஆக்சிஜனோ ஆர்கானோ, லாரியில் ஏற்றும்முன் முதலாளி திருப்பதியின் மனைவி சொர்ணம் ஒவ்வொன்றின் தலையிலும் கைவைத்து "போயிட்டு வா" என்பாள். அதற்குமேல் தேடிப் போக வேண்டியதில்லை. மற்ற கம்பெனிகள் போன சிலிண்டரை மீட்க ஆள்மேல் ஆள் அனுப்பி அலுத்துக்கொண்டிருக்க, திருப்பதி மஸ்கட்டில் கிளை திறந்தார், பிறகு தோஹாவில், பிறகு மலேசியாவில். எந்த நாட்டிலும் காற்று உண்டுதான். ஆனாலும் சிலிண்டர்களைத் திருமயத்திலேயே நிரப்பினார்கள், சொர்ணத்தின் கை அந்த நாடுகளில் இல்லையே. கடல் கடந்தவை ஜெகதாப்பட்டினத்தில் சிப்பி அப்பிக் கரையேறும். மீன்காரர்கள் "திருமயம் அங்கிட்டு" என்று கைகாட்டுவார்கள். டவுன் பஸ் வந்தால் அவை ஒதுங்கி வழிவிடும்.

தோஹாவில் இரண்டாவது கிளை திறக்கத் திருப்பதி புறப்பட்ட அன்றுதான் தவறு நடந்தது. ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத மனுஷன் மறுபடி கிளம்புகிறாரே என்று சொர்ணத்துக்கு ஆத்திரம். ராகுகாலம் பிறக்குமுன் வாசலைத் தாண்டும் அவசரம் அவருக்கு. "சரி, போறேன்" என்றுவிட்டார். "போங்க" என்றாள் அவளும். அதோடு சரி. ஊர் திரும்ப அவர் ஏறிய விமானமெல்லாம் திருச்சிக்கு மேலே வட்டமடித்துவிட்டுத் தோஹாவுக்கே திரும்பின. விமானக்காரர்கள் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். வருஷங்கள் போயின. கம்பெனி நாடு நாடாக வளர்ந்தது. சொர்ணத்துக்கோ இரண்டு பேருக்கு உலை வைக்கும் பழக்கம் போகவில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அழுகை வந்தது. போனில் எத்தனை முறை "போயிட்டு வாங்க" என்று சொல்லியும் பலிக்கவில்லை. தலையில் கை பட வேண்டும்.

திருச்சியைத் தாண்டியறியாத சொர்ணம், கேஸ் நிரப்பும் இலக்கியாவிடம் "போயிட்டு வாரேன்" என்று நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு விமானம் ஏறினாள். தோஹா கிளையில் வெல்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் புருஷன் தலையில் கைவைத்தாள்.

"போயிட்டு வாங்க."

"ஒங்கூடவே வாரேனே" என்றார் திருப்பதி.

"சிலிண்டரு என்னைக்கு என்கூட வந்துச்சு? நீங்களா வாங்க."

ஊர் திரும்பி வழக்கம்போல உலை வைத்தாள். ஆடி மாதம் ஒரு நாள் காலையில் காலி சிலிண்டர்கள் வரிசையாகக் கேட்டுக்குள் உருண்டு வந்தன. கடைசியாகத் திருப்பதி நடந்து வந்தார், சட்டையெல்லாம் சிப்பி. காலியை ஒரு பக்கமும் நிரப்பியதை மறுபக்கமும் நிறுத்துவது இலக்கியாவின் வேலை.

"அக்கா, மொதலாளிய எங்கிட்டு நிறுத்த?"

சொர்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வயிறு ஒட்டியிருந்தது.

"காலியாத்தான் வந்திருக்காரு. உள்ள அனுப்பு, சோறு ஆறுது."