கேடயத்தின் அகலம்

குளிர்காலத்தில் ஏரி கரைமீறி வந்தபோது நாலு கோழி, ஒரு வைக்கோற்போர், வீரர் கோயில் கட்டில், இவ்வளவையும் அடித்துக்கொண்டு போனது. கோழிகளுக்காக அழ ஆள் இருந்தது. கட்டிலைப் பற்றி வசந்தம் வரும்வரை யாரும் நினைக்கவில்லை.

வசந்தத்தில்தான் வீரர் விருந்து. அல்கோனும் தெய்மாசும் அந்த ஊரின் காவல் வீரர்கள். முன்னொரு காலத்துப் போரில் தெய்மாஸ் விழுந்தான். அல்கோன் அவன் உடலைக் கழுவி, மூன்று நாள் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து, நாலாம் நாள் தனியாளாக எதிரிப் படைக்குள் புகுந்து தானும் விழுந்தான். இரண்டு பேர் சாம்பலும் பூசாரி வீட்டில் ஒரே மண்சாடியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, படுத்தபடி சாப்பிடும் அந்நாட்டு வழக்கப்படி உள்ளே கட்டில் விரித்து, அப்பமும் விலாங்கு மீனும் மதுவும் வைத்துவிட்டு, வெளியே ஊர் முழுக்கப் பந்தி உட்காரும்.

உள்ளே போவது பூசாரி மட்டும்தான். மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கட்டிலை மூடித் தரைவரை தொங்கும் போர்வையும் மேலே பரப்பிய இலைக் குவியலும் தெரியும், அவ்வளவுதான். பழைய பூசாரி வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். புதிய பூசாரி மெலாந்தாஸ், திராட்சைத் தோட்டக்காரர். சீட்டுக்குப் பதிலாக அவரைக்கொட்டையைக் குலுக்கிப் போட்டு ஆள் எடுத்ததில் பதவி தானாக வந்து அவர் தலையில் விழுந்திருந்தது.

விருந்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் தச்சன் கபிசியாஸின் பட்டறைக்கு மூச்சிரைக்க வந்தார்.

"தம்பி, கோயிலுக்குக் கட்டில் வேணும்."

"செஞ்சிடலாம். எத்தனை?"

மெலாந்தாஸ் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எத்தனை இருந்துச்சு?"

அந்தக் கேள்வி மதியத்துக்குள் ஊரை இரண்டாக்கிவிட்டது.

மறுநாள் கோயில் முற்றத்தில் கூட்டம். நெசவுக்காரி பூத்திலா அத்தைதான் இரண்டு கட்டில் கட்சிக்குத் தலைவி. "ரெண்டு பேரும் பெரிய வீரனுங்க. ஆளுக்கொரு பொண்டாட்டி இருந்ததா எங்க பாட்டன் சொல்லிருக்கார். விருந்துக்கு வந்த மனுஷனுக்குத் தனிக் கட்டில் போடாம, இடுக்கிக்கிட்டுப் படுன்னா சொல்லுவீங்க? அவங்க சிநேகிதங்க. கூடப்பொறக்காத அண்ணன் தம்பி."

"அண்ணன் தம்பியாம்!" என்றார் கொல்லர் தெருக்காரர் ஒருவர். "எங்க அண்ணன் செத்தா நான் மூணு நாள் பக்கத்துல படுப்பேனா? மூணு நாள்ல அவன் ஆட்டையெல்லாம் பங்கு பிரிச்சிருப்பேன்."

சிரிப்பு அடங்க நேரமானது.

"காதலருங்கதான்யா," என்றார் இன்னொருவர். "ஆனா ஒரு சந்தேகம். ரெண்டு பேருல மூத்தவன் யாரு? ஒருத்தனுக்குத் தாடி, இன்னொருத்தனுக்கு மீசை அரும்பற வயசு. அதுதானே வழக்கம்?"

"ரெண்டு பேருக்குமே தாடி. மண்சாடியில வரைஞ்சிருக்கே, கண்ணு தெரியலையா?"

"தாடி வந்தப்புறமும் காதலா? அது எந்த ஊரு நியாயம்?"

"இந்த ஊரு நியாயந்தான். கபிசியாஸைக் கேளுங்க! அவன் வீட்டுல எத்தனை கட்டில்?"

எல்லாத் தலையும் திரும்பியது. கபிசியாசுக்குக் காது மடல்வரை சிவந்தது. கூட்டத்தின் கடைசியில் மீனவன் எம்பெதோன் விலாங்குக் கூடையோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே படை வரிசை. இருபது வயதில் அருகருகே நிறுத்தப்பட்டவர்கள், முப்பத்திரண்டிலும் அப்படியே இருந்தார்கள். எம்பெதோனுக்கு ஏரிக்கரையில் குடிசை என்று பேர். வலை காய்வது அங்கே, அவன் சாப்பிடுவதும் தூங்குவதும் தச்சன் வீட்டில். ஊர் அதைக் கேலி செய்தது, ஆனால் கேலிக்கு மேல் போனதில்லை. கபிசியாசும் அதைப் பற்றி இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எம்பெதோனிடம்கூட.

"நான் தச்சன்," என்றான். "ஊர் எத்தனை சொல்லுதோ அத்தனை செய்றேன்."

எம்பெதோன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் அக்கா நிகரெத்தா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள். அவள் கணவன் உப்புக் கப்பலே கதி என்று கிடந்ததால், வருஷத்தில் பாதி நாள் தம்பிக்குத்தான் அவள் சமையலும் வசையும்.

"ஊரே மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சு. வாயில விலாங்கைக் கவ்விக்கிட்டு நின்னியா?"

"நான் ஒண்ணுன்னு சொன்னா எனக்காகச் சொல்றேன்னுதானே நினைப்பாங்க?"

"நினைக்கட்டுமே! டேய், எம்பெதோனோட மாமன் ஒனாசிமோஸ் அக்கரையிலேருந்து ஆள் அனுப்பிருக்கார், தெரியுமா தெரியாதா?"

தெரியும். பிள்ளையில்லாத ஒனாசிமோசுக்கு நாலு படகு, ஒரு வீடு. வந்து எடுத்துக்கோ, பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். விருந்தன்று அவர் வரும்போது எம்பெதோன் பதில் சொல்ல வேண்டும். முந்தாநாள் அவன் கேட்டான், "நீ என்ன சொல்றே?" என்று. கபிசியாஸ் இழைப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டான்.

"உன் இஷ்டமா!" நிகரெத்தா அகப்பையை வைத்தாள். "பன்னண்டு வருஷம் உன் பக்கத்துல நின்னவனுக்கு அதுதான் பதிலா? நானா இருந்தா அன்னிக்கே படகேறிருப்பேன்."

மறுநாள் காலை கபிசியாஸ் அளவுகோலோடு கோயிலுக்குப் போனான். பூசாரியோடு தச்சனும் உள்ளே போகலாம் என்று மெலாந்தாஸ் தானே ஒரு சட்டம் போட்டிருந்தார். தரை முழுக்கச் சேறு காய்ந்து கிடந்தது. சுரண்டச் சுரண்ட இடப்பக்கத்துக் கல்லில் ஒரு குழி தெரிந்தது, கட்டில் கால் நின்று நின்று தேய்ந்த குழி. பிறகு இன்னொன்று, அப்புறம் மூன்றாவது, நாலாவது. வலப்பக்கம் தேடினான். அங்கே வெள்ளம் கல்லையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு கட்டில் இருந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

அகலத்தை அளந்தான். இரண்டு முழம். ஒரு ஆளுக்கு அதிகம், இரண்டு ஆளுக்குப் போதாது.

அங்கேயே குழிகளுக்கு நடுவே தரையில் படுத்துப் பார்த்தான். துடைப்பத்தோடு வாசலுக்கு வந்த நிகரெத்தா அந்தக் காட்சியைப் பார்த்து நின்றாள்.

"செத்துட்டியா?"

"அளக்கறேன்க்கா."

"ஒத்தையாப் படுத்து என்னத்தை அளப்பே?" அவள் ஏரிப் பக்கம் திரும்பி, பத்து வீடு கேட்கும்படி, "எம்பெதோன்! டேய் எம்பெதோன்! இங்க வாடா!" என்று கத்தினாள்.

எம்பெதோன் முழங்கால்வரை சேறோடு வந்தான். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. மெலாந்தாஸ், "அளவுக்குத்தானே, வரட்டும் வரட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். எம்பெதோன் வலப்பக்கமாக வந்து படுத்தான். தோள் இடித்தது. நகர்ந்தால் குழிக்கு வெளியே போக வேண்டும்.

"பத்தாது," என்றான்.

"கொஞ்சம் திரும்பு."

எம்பெதோன் திரும்பினான். அவன் இடது தோள் கபிசியாஸின் வலது தோள்மேல் பாதி ஏறி நின்றது. அப்போது சரியாக இருந்தது, இம்மி பிசகாமல்.

கபிசியாஸ் அசையாமல் கிடந்தான். அந்தத் தோளை அவனுக்குத் தெரியும். படை வரிசையில் நிற்கிறவன் கேடயம் அவனை முழுதாக மறைக்காது. அதன் பாதி அவனுக்கு, மீதிப் பாதி இடப்பக்கத்தில் நிற்பவனுக்கு. முதல் போரில் கபிசியாசுக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது எம்பெதோனின் கேடயம், அதன் விளிம்பு, அந்தத் தோளின் சூடு. கேடயத்தின் அகலம் எவ்வளவு? இரண்டு முழம்.

"இது கட்டில் இல்லடா," என்றான் மெதுவாக. "இது கேடயம்."

எம்பெதோன் எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டு, "என்கிட்ட சொல்லு, சரி. ஊர்கிட்ட சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

குழிகளைப் பார்க்க ஊரே வாசலில் முண்டியடித்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. "பாத்தீங்களா, ஒத்தைக் கட்டில்!" என்றது ஒரு கட்சி. "ஒருத்தன் கட்டில், கொஞ்சம் தாராளமாச் செஞ்சிருக்கான். இன்னொண்ணு உடைஞ்ச பக்கம் இருந்திருக்கும்," என்றாள் பூத்திலா. அவள் அதற்குள் இரண்டு கட்டிலுக்கு இரண்டு போர்வை நெய்யத் தொடங்கியிருந்தாள். இரண்டு கட்சியும் பட்டறையில் மரத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். குழலூதிகள் இரண்டு பக்கமும் போய் ஓசியில் குடித்துக்கொண்டிருந்தார்கள். கபிசியாஸ் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான்.

விருந்து நாள் வெயிலும் காற்றுமாக விடிந்தது. ஒனாசிமோஸ் நல்ல மேலாடை போர்த்திக்கொண்டு அக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கினார். முற்றமெல்லாம் விலாங்கு வறுபடும் வாசனை. கபிசியாஸ் வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, சாக்கை விலக்கினான்.

ஒரே ஒரு கட்டில்.

"யாரைக் கேட்டுச் செஞ்சே?" பூத்திலா இடுப்பில் கை வைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்? அல்கோன் வந்து சொன்னானா?"

கூட்டத்தில் எம்பெதோன் மாமன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கபிசியாஸ் பேசினான்.

"அல்கோன் வரலை அத்தை. ஆனா படை வரிசையில நின்னவனுக்கு இது தெரியும். இதோட அகலம் ஒரு கேடயம். ஒரு கேடயத்துக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்கலாம், ஒட்டி நின்னா. தெய்மாஸ் செத்துக் கிடந்தப்பவே தள்ளிப் படுக்காதவன், சாப்பாட்டுக்கா தள்ளிப் படுப்பான்? அவங்களைச் சிநேகிதன்னு சொல்லுங்க, காதலன்னு சொல்லுங்க, யாரு மூத்தவன்னு சண்டை போடுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அல்கோனுக்கு வலப்பக்கம் ஒருத்தன் இருந்தான்." மூச்சு வாங்கினான். "எனக்கும் இருக்கான். பன்னண்டு வருஷமா. நான் எனக்காகத்தான் பேசறேன்னு நினைச்சீங்கன்னா, ஆமா, எனக்காகவும்தான். எம்பெதோன், நீ அக்கரைக்குப் போகக் கூடாது. உன் இஷ்டம்னு சொன்னது பொய். என் இஷ்டம் இதுதான்."

அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

எம்பெதோன் நிமிர்ந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "இதைச் சொல்ல ஒரு வெள்ளம் வந்து கட்டிலைத் தூக்கிட்டுப் போகணுமாடா?"

முதலில் சிரித்தது கொல்லர் தெரு. அப்புறம் எல்லாரும்.

"அதெல்லாம் சரி," என்று ஒனாசிமோஸ் தடியைத் தட்டினார். "என் படகை யார் ஓட்டறது? நான் பார்த்து வச்ச பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?"

"பொண்ணைக் கேட்டீங்களா மாமா?" என்றாள் நிகரெத்தா.

"அது வந்து... இன்னும் கேக்கலை."

"அப்பப் பதிலும் வேணாம். படகுக்கென்ன, ஏரி என்ன கடலா? காத்து நல்லா இருந்தா அரை நாள்ல வந்துடலாம். மீன் பிடிக்கற காலத்துல ரெண்டு பேரும் வந்து வலை இழுப்பாங்க. என் தம்பிக்கு நீச்சல் தெரியாது, அதை மட்டும் பாத்துக்குங்க."

ஒனாசிமோஸ் கபிசியாஸின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "படகு செய்யத் தெரியுமா?"

"ஓட்டை அடைக்கத் தெரியும் மாமா."

"நாலுல மூணு ஒழுகுது," என்று அவர் பெருமூச்சு விட்டு மதுச்சாடியின் பக்கம் போனார்.

தூக்குகிறவர்களும் விரிக்கிறவர்களும் இன்றைக்கு உள்ளே வரலாம் என்று மெலாந்தாஸ் இன்னொரு சட்டம் போட, கட்டிலை உள்ளே தூக்கிப் போனார்கள். நாலு காலும் நாலு குழியில் தொபக்கென்று இறங்கி உட்கார்ந்தன. மெலாந்தாஸ் சாடியைப் பக்கத்தில் வைத்து, மதுக் கிண்ணங்களை ஏந்தியபடி குழம்பி நின்றார். "முன்னால படுக்கறது யாரு, பின்னால யாரு? கிண்ணத்தை எங்க வைக்கறது?"

"இந்த வருஷம் தெய்மாஸ் முன்னால இருக்கட்டும்," என்றான் எம்பெதோன். "அடுத்த வருஷம் மாத்திக்குவாங்க."

பூத்திலா விறைப்பாக வந்து கட்டில்மேல் ஒரு போர்வையை விரித்தாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். "ரெண்டுதான் இருந்திருக்கும்னு நான் இன்னும் சொல்றேன்," என்று முணுமுணுத்துவிட்டு, வெளியே வந்து இரண்டாவது போர்வையை நிகரெத்தாவின் மடியில் போட்டாள்.

"மெனக்கெட்டு நெய்தது. வீணாப் போக வேணாம். உங்க வீட்டுக் கட்டிலுக்கு ஆகுமா பாரு. அது எத்தனை முழம் அகலம்?"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க அத்தை?"

பூத்திலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் குழலூதிகள் ஆரம்பித்துவிட்டார்கள். கபிசியாசும் எம்பெதோனும் புல்லில் ஒரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எம்பெதோன் வலப்பக்கம். பெரிய துண்டு யாருக்கு என்பதில்தான் சண்டை.