காளிதாஸின் செருப்புச் சத்தம்

மேலத்தெருவுக்குள் நுழைந்ததுமே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. சரக், சர்ர்ரக். வலது காலை லேசாக இழுத்து நடக்கிற நடை. என் அண்ணன் காளிதாஸின் நடை. அவன் செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

காலனிக்காரர்கள் இந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றிருந்த காலம் அது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போன அண்ணன், புதுச் செருப்பு வாங்கிக் காலில் போட்டுக்கொண்டே தினமும் இந்த வழியாக வந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒரு சாயங்காலம் மாரியம்மன் கோயில் திருப்பத்தில் அவனை அடித்தே கொன்றார்கள். அதே இடத்தில்தான் இன்று அவனுக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் இந்தப் பக்கமே வந்ததில்லை. காட்டைச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவேன். சாவதற்குள் ஒரு தடவையாவது செருப்புக் காலோடு அந்தத் திருப்பம் வரை நடந்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஆசை இருந்து என்ன, இப்போதும் சுவரோரமாக ஒதுங்கித்தான் நடந்தேன். இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. ஏதோ ஒரு வீட்டுக்குள் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கொடி பிடித்த இளசுகள்தான் வந்தார்கள். யாரும் காலை இழுத்து நடக்கவில்லை.

கல்லுக்கு முன்னால் வந்ததும் எல்லாரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். கோயில் வாசலில் விடுவது போல, நல்ல மனசோடுதான். என் வலது காலும் தானாகவே வெளியே வந்துவிட்டது.

பின்னால் வந்துகொண்டிருந்த அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

"கலைமணியக்கா, செருப்பக் கழட்டிப்போட்டு வந்து மாலையப் போடுங்க," என்றான் விழாவை ஏற்பாடு செய்த தனபால். "நமக்குச் சாமி மாதிரிங்க அவரு."

வந்ததே எனக்கு ஒரு கோபம்.

"சாமிக்குக் கழட்டு, வேண்டாங்கல. இவன் கழட்ட மாட்டேன்னதுக்குத்தானடா அடிச்சுக் கொன்னாங்க? இவன் முன்னாலயே கழட்டி வெக்கறீங்களே!"

நான் காலைத் திரும்பவும் செருப்புக்குள் நுழைத்தேன். தனபால் குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

மாலையோடு கல்லை நோக்கி நடந்தேன். சரக், சர்ர்ரக் என்று எனக்குப் பக்கத்திலேயே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவான்.