உலகக்கோப்பைக்கு வந்த கிடா

மாயகிருஷ்ணன் கிடாவுக்குள் போனது மதியம் இரண்டு மணிக்கு.

உலகக்கோப்பை ஹாக்கிக்குப் பணம் போடுவது அவர் வேலைபார்க்கும் வங்கிதான். வங்கியின் சின்னம் செம்மறிக் கிடா. போட்டிக்கு முன்னால் கோப்பையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கோவில்பட்டிக்கு ஹாக்கிக் கோப்பை வந்தால் கேட்கவா வேண்டும்? இங்கே பிள்ளைகள் தவழும்போதே கையில் மட்டை இருக்கும். மைதானத்தில் அப்படியொரு கூட்டம். பக்கத்தில் அவருடைய ஊரான கழுகுமலையில் அன்றைக்குக் காக்காயைத் தவிர ஆளில்லை.

"மும்பை ஆபீஸ் உத்தரவு வே," என்றார் மேனேஜர் ராஜமணி. "கிடா வாயத் தொறக்கப்படாது, தலையக் கழத்தப்படாது. உள்ள மனுசன் இருக்கான்னு ஈ எறும்புக்குத் தெரிஞ்சாலும் உம்ம வேலை காலி."

பதினோரு வருடத் தற்காலிக வேலை. மாயகிருஷ்ணன் தலையாட்டினார், மேலேயிருந்த கொம்புத் தலையும் சேர்ந்து ஆடியது.

கிடா வேட உடை புதியம்புத்தூரில் தைத்தது. அங்கே லாரி லாரியாகச் சிறுமிகளுக்குக் கவுன் தைப்பவர்கள், கைப்பழக்கத்தில் கிடாவுக்கும் முதுகில் ஜிப் வைத்து, உச்சியில் கொக்கியும் போட்டுவிட்டார்கள். கவுனென்றால் அம்மா கழற்றிவிடுவாள். கிடாவுக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளிருந்த சூட்டில் ஒரு கல்யாண வீட்டுக்கே இட்லி வேகும். வியர்வை முழங்கால் வரை ஏறி, அவர் நடந்தால் கண்மாய்க்குள் மாடு இறங்கிய சத்தம் கேட்டது.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கோப்பை வந்ததையொட்டி அங்கே நடந்த காட்சிப் போட்டியில் ஓர் அணிக்குக் கோல்கீப்பர் அவர் மகள் மாரிசெல்வி. காலையில்தான் சொல்லியிருந்தாள்: "எப்பா, ஒரு மேட்சுக்காவது வந்திருக்கியளா? இன்னைக்கும் வரலைன்னா இனி மட்டையத் தொடமாட்டேன், பாத்துக்கிடுங்க." கிடா விஷயம் அப்போது அவருக்கே தெரியாது.

கிடாவின் வாய் ஓட்டை வழியாகப் பார்த்தார். இருபதடி தூரத்தில் மகள். அவள் கண் பந்தில் இல்லை, கூட்டத்தில் அப்பாவைத் தேடியது. தேடிய நேரத்தில் ஒரு கோல் விழுந்தது.

அவர் இரண்டு குளம்பையும் தூக்கி ஆட்டினார்.

"ஏ கிடா, அங்குட்டுப் போ!" என்று கத்தினாள் மாரிசெல்வி. "எங்கப்பா வந்தா மறைக்கும்லா!"

கிடா நகர்ந்து நின்றது.

அவள் அணி எப்படியோ ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. அடிக்கப்போகிறவள் பந்தைச் சரிபார்க்கிறாள். மாரிசெல்வியோ கண் நிறைந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராஜமணி அருகில் வந்து விரலை உதட்டில் வைத்தார்.

ஆட்டுக்கிடைக்கு நரி வந்தால் காவலுக்குப் படுத்தவர்கள் நாக்கை மடித்து ஒரு குரல் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு குரல் வேறு. மாயகிருஷ்ணன், மகள் சின்னதிலிருந்து கேட்டுப் பழகிய தன் வீட்டுக் குரலைக் கொடுத்தார்.

"ட்ர்ர்ர்ரியோ... ஓஓய்!"

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பார்க்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மாரிசெல்வி சிலிர்த்துப்போய்ப் பந்தைப் பார்த்தாள், பாய்ந்தாள். பந்து அவள் காலில் பட்டு வெளியே தெறித்தது.

அடுத்த நொடி ஓடி வந்து கிடாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "எப்பா! இதுக்குள்ளயா கெடக்கிய?"

"ஆரம்பத்துலேருந்தே இங்கனதான் நிக்கேன் தாயி."

"நாளைக்கு வேலைக்கு வராதேயும் வே," என்றார் ராஜமணி. "அந்த உடுப்பை மட்டும் கழத்திக் குடுத்துட்டுப் போவும்."

மாரிசெல்வி இழுத்தாள். அணி முழுக்க இழுத்தது. ராஜமணியும் காலை ஊன்றி இழுத்தார். கொக்கி கம்பளி முடிக்குள் புதைந்துபோய் அசையவே இல்லை.

சாயங்காலம் கழுகுமலை பஸ்ஸில் கிடா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அதன் கொம்பில் மாரிசெல்வி தன் மட்டையை மாட்டியிருந்தாள்.

"ஏத்தா, இது ஆளா, லக்கேஜா?" என்றார் கண்டக்டர்.

"எங்கப்பா," என்றாள் அவள். "ஃபுல் டிக்கெட் குடுங்க."